சாப்பாடு ஆறுதே அம்மா

போன மாசியில் மகளுக்கு 6 வயது முடிந்தது. மண்டபம் எடுக்காமல் வீட்டில் ஒரு கேக் வெட்டினால் போதும் என்று நானும் இவரும் முடிவெடுத்திருந்தோம். அத்தான்தான் விடவில்லை. "மண்டபக் காசு மிச்சம்தானே, ஊரில ஒரு இல்லத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு குடுப்பம். அவளுக்கும் சின்ன வயசிலயே நல்ல பழக்கம் வரும்" என்றார். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. காசு அனுப்பினோம்.

மூன்றாம் நாள் வட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சிறுவர் இல்லம். சுவரில் ஆளுயரப் பதாகை. அதில் மகளின் படம், பலூன்கள், "கனடா ஸ்காபரோவில் வசிக்கும்" என்று தொடங்கி இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிமாரின் பெயர்கள் வரைக்கும் எழுதியிருந்தது. அதன் முன்னால் 32 பிள்ளைகள் வரிசையாக நின்று ஹப்பி பேர்த்டே பாடினார்கள். பிறகு ஒருவர் பேசினார். அவருக்குப் பிறகு இன்னொருவர். பின்னால் நீள மேசையில் சோறும் கோழிக்கறியும் தட்டுகளில் போட்டபடி இருந்தன.

மகள் தன் படத்தைப் பார்த்துத் துள்ளுவாள் என்று நினைத்து போனை அவள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தேன். அவள் அந்த மேசையைத்தான் பார்த்தாள்.

"அம்மா, சாப்பாடு ஆறுதே. ஏன் அவை நிக்கினம்?"

உனக்கு வீடியோ எடுக்கத்தான் நிற்கிறார்கள் என்று 6 வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "இப்ப சாப்பிடுவினம்" என்று சொல்லி போனை மூடினேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு 32 பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அத்தானும் நல்ல மனுசன். அந்த இல்லத்தை நடத்துகிறவர்களுக்கு இப்படியான பிறந்தநாள்களும் திவசங்களும் இல்லாவிட்டால் மாதம் ஓடாது, அதுவும் தெரியும். ஆனால் "பிள்ளைக்கு நல்ல பழக்கம்" என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில் பிள்ளை எங்கே இருந்தாள்? காசு எங்களுடையது, யோசனை அத்தானுடையது, பதாகை அச்சகத்துடையது. மகளின் பங்கு ஒரு படம்.

இது என்னை இவ்வளவு உறுத்தக் காரணம் உண்டு. நான் அந்த வரிசையில் நின்ற பிள்ளை.

2004 மார்கழி 26 அன்று கடல் வந்தபோது எனக்கு 10 வயது. நாங்கள் முல்லைத்தீவில் கரையோரம் இருந்தோம். வீடு போய்விட்டது, எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் மிஞ்சினோம். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் அந்த ஒழுங்கையில் அதிகம் பேர் இல்லை. பாடசாலை ஒன்றில் முகாம். அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து பொதிகள் வந்தன. சப்பாத்துப் பெட்டி அளவு, ஆளுக்கு ஒன்று. கையில் தந்தார்கள், ஆனால் திறக்கக் கூடாது. "நெஞ்சுக்கு நேரே பிடியுங்கோ, சிரியுங்கோ" என்றார் கமெரா வைத்திருந்தவர். எனக்குப் பக்கத்தில் நின்றவள் தாயைப் பறிகொடுத்து ஒரு மாதம் ஆகவில்லை. அவளையும் சிரிக்கச் சொன்னார். சிரித்தாள். சொன்னால் சிரிக்க வேண்டும் என்று எங்களுக்கு அதற்குள் பழகிவிட்டது.

என்னுடைய பெட்டிக்குள் ஒரு கம்பளித் தொப்பி இருந்தது. முல்லைத்தீவு வெயிலுக்குக் கம்பளித் தொப்பி! அம்மா அதைக் கேத்தல் இறக்கும் பிடிதுணியாக வைத்திருந்தா. (அந்த நாட்களில் இலங்கைக் கரையிலும் தமிழ்நாட்டுக் கரையிலும் போடவே முடியாத உடுப்புகள் எவ்வளவு வந்து குவிந்தன என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும்.) தொப்பிக்கு அடியில் ஒரு கலர் பென்சில் பெட்டி. புதிது இல்லை. சிவப்பு பாதி முடிந்திருந்தது. பச்சைப் பென்சிலின் அடியில் பல் பதிந்த அடையாளம், யாரோ நன்றாகக் கடித்திருந்தார்கள்.

அந்தப் பச்சைப் பென்சிலை நான் நெடுநாள் வைத்திருந்தேன். நானும் பென்சில் கடிக்கிற ஆள், அதற்காக அடி வாங்கியவள். எங்கேயோ பெயர் தெரியாத நாட்டில் ஒரு பிள்ளை என்னைப் போலவே பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்திருக்கிறது, பிறகு அதை எனக்குத் தந்திருக்கிறது. அந்தப் பொதியில் ஒரு பிள்ளையிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் பல் அடையாளம் ஒன்றுதான். மற்றதெல்லாம் பெரியவர்களின் வேலை. புதிதாகத்தான் கொடுக்க வேண்டும், பழையதைக் கொடுப்பது அவமதிப்பு என்று நாங்கள் சொல்கிறோம். உடுப்பில் அது சரி. பென்சிலில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். சின்னப் பிள்ளைகளை இதிலெல்லாம் இழுக்கவே கூடாது, அவர்கள் விளையாடட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதிலும் உடன்பாடில்லை. நாங்கள் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1998இல் கெம்ப்ட்வில் என்ற சின்ன ஊரில் முதலாம் வகுப்புப் படித்த ரயன் ஹ்ரெல்ஜாக் என்ற பையனின் கதை இங்கே பலருக்குத் தெரியும். ஆபிரிக்காவில் தண்ணீருக்காகப் பிள்ளைகள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று வகுப்பில் ரீச்சர் சொல்லியிருக்கிறா. 70 டொலர் இருந்தால் ஒரு கிணறு என்றும் கணக்கு வந்திருக்கிறது. பெற்றோர் 70 டொலரை எடுத்துக் கொடுக்கவில்லை. வீட்டில் மேலதிகமாக வேலை செய்து உழை என்றார்கள். நாலு மாதம் கூட்டித் துடைத்து, யன்னல் கழுவி அவன் 70 டொலர் சேர்த்தான்.

கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் தெரிந்தது, 70 டொலருக்கு ஒரு கைப்பம்பிதான் வரும், கிணறு தோண்ட 2,000 டொலர் வேண்டும் என்று. எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஆறு வயதுப் பிள்ளை, அழுவான் என்று யாரும் மறைக்கவில்லை. உண்மை விலையைச் சொன்னார்கள். அப்படியென்றால் இன்னும் வேலை செய்கிறேன் என்று அவன் வீட்டுக்குப் போனான். பிறகு ஊர் சேர்ந்தது, மற்றவர்களும் கை கொடுத்தார்கள், 1999இல் உகண்டாவில் அங்கோலோ ஆரம்பப் பாடசாலையில் கிணறு வந்தது. அடுத்த வருடம் அவனே போய்ப் பார்த்தான்.

எல்லாப் பிள்ளையும் ரயன் ஆக வேண்டியதில்லை. இங்கே பிறந்து வளர்ந்த என்னுடைய வேலையிடத்துத் தோழி ஒருத்தி, சின்ன வயதில், பிள்ளைகள் மிட்டாய் கேட்டுப் போகும் ஹலோவீன் இரவில், கழுத்தில் யுனிசெஃப்புக்குக் காசு சேர்க்கும் செம்மஞ்சள் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனதைச் சொல்லுவாள். 1950இல் பிலடெல்பியாவில் தொடங்கிய வழக்கம் அது. கனடாவில் 1955இலிருந்து இருந்தது, 2006இல் பெட்டிகளை நிறுத்திவிட்டார்கள். காசு யாருக்குப் போகிறது என்று அவளுக்கு அந்த வயதில் சரியாக விளங்கவில்லையாம். வீட்டுக்கு வரும்போது கயிறு கழுத்தை அறுத்தது மட்டும் இன்னும் ஞாபகம். ஆறு வயதுக்கு அவ்வளவு விளங்கினால் போதும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வீடியோவுக்குப் பிறகு நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. மகளிடம் கேட்டேன், நீயே ஏதாவது செய்து காசு சேர்க்கிறாயா என்று. அவள் கண்டுபிடித்த தொழில் எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பூகம்பத்தையே கிளப்பியது. வெறும் போத்தல். ஒன்ராறியோவில் பியர்ப் போத்தலையோ தகரத்தையோ திருப்பிக் கொடுத்தால் 10 சதம், பெரிய வைன், விஸ்கிப் போத்தலுக்கு 20 சதம். எங்கட ஆக்களின் பார்ட்டிக்கு அடுத்த நாள் காலையில் இதைவிட வளமான தொழில் உண்டா? அவளின் அம்மம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டா. "குடிகாரன்ர போத்தல் காசில தர்மமோ?" என்று இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மாமா வீட்டிலிருந்து ஒரு பை போத்தலோடு வந்தா.

வைகாசி முடிய, சின்னது 380, பெரியது 61. மொத்தம் 50 டொலர் 20 சதம். அத்தான் தன் பங்குக்கு 500 போடுகிறேன் என்றார். வேண்டாம் என்று மறித்துவிட்டேன், அவருக்கு இன்னும் கோபம்தான். அவர் 500 போட்டால் அவளின் 50க்கு என்ன மரியாதை?

ஊரில் என்னோடு படித்தவள் இப்போது அங்கே ஆசிரியை. அவளுக்கு போன் எடுத்து, இவ்வளவுதான் காசு, என்ன தேவை என்று கேட்டேன். பை, கொப்பி என்று சொல்லுவாள் என்று நினைத்திருந்தேன். "பை வேண்டாமடி. தை மாதம் வந்தா பையும் கொப்பியும் வரும், மேல பெயர் அடிச்சு வரும். சைக்கிளும் குடுத்திருக்கினம். ஆனா ரியூப் போனா மாத்தக் காசில்லாமல் சும்மா சாத்தி வைச்சிருக்கினம், பிள்ளையள் நடந்து வருதுகள்" என்றாள். புதுச் சைக்கிள் கொடுத்தால் படம் எடுக்கலாம். ரியூப் மாற்றியதை யார் படம் எடுப்பார்?

மகளுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. அவளின் சைக்கிளும் போன கோடையில் காற்றுப் போய் மூன்று கிழமை கராஜில் கிடந்தது. அவளுக்கு அது "பாவப்பட்ட பிள்ளைகளுக்கு உதவி" இல்லை, காற்றுப் போன சைக்கிள்.

படம் இல்லாவிட்டால் காசு கொடுத்தவன் எப்படி நம்புவான் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, ஊர்ப் பெயரைச் சொல்லிக் காசு சுருட்டியவர்களையும் பார்த்திருக்கிறோம். பில் கேளுங்கள். நானும் அதைத்தான் கேட்டேன். பிள்ளையின் முகம் ரசீது இல்லை. இன்னொன்று, அந்த இல்லங்களில் இருக்கிற பிள்ளைகள் பலருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். வறுமைதான் கொண்டுவந்து விட்டிருக்கிறது. நாங்கள் முகநூலில் போடுகிற "ஆதரவற்ற சிறார்களுக்கு மதிய உணவு" வீடியோவைக் கிளிநொச்சியிலோ விசுவமடுவிலோ இருந்து அந்தத் தாயும் பார்ப்பாள். அவளின் கையிலும் போன் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் யோசியுங்கள். உங்கள் மகனின் படத்தைப் பதாகையில் போட்டு, அவனுக்கு முன்னால் அவன் வயதுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காட்டினால், ஆறு வயதில் அவன் எதைப் படிப்பான்? மகளுக்குச் சாப்பாடு ஆறுவது தெரிந்தது. பத்து வீடியோ பார்த்த பிறகும் அது அவள் கண்ணில் பட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஆசிரியைத் தோழி போன கிழமை ஒரு படம் அனுப்பியிருந்தாள். சைக்கிள் கடைக்காரர் கொப்பித் தாளில் எழுதிய பில். ரியூப் 8, வால்வு 3, ஒட்டு 5, கூலி. கீழே ஒரு எண்ணெய்க் கைரேகை. அதை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம். வால்வு என்றால் என்ன, ஏன் எட்டுக்கு எட்டு வாங்காமல் மூன்று மட்டும் வாங்கினவை என்று மகள் தகப்பனைக் குடைந்துகொண்டிருக்கிறாள். இவருக்கும் தெரியாது.

வாற சனிக்கிழமை அத்தானின் ஐம்பதாவது பிறந்தநாள். பெரிய மண்டபம், 300 பேர். மகள் இப்போதே நாலு பெரிய பை எடுத்து வாசலில் வைத்திருக்கிறாள்.