கருவிப் பட்டியலை யார் திருத்துவது?

"இந்தப் பகுப்பில் இருக்கிற கட்டுரைகளில் விக்கித்தரவு உருப்படி இல்லாதவை எவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" விக்கிப்பீடியாவில் கொஞ்ச நாள் எழுதிய யாருக்கும் வரும் கேள்வி இது. (விக்கித்தரவு என்பது எல்லா மொழி விக்கிகளுக்கும் பொதுவான தரவுக் கிடங்கு; ஒரு கட்டுரையின் பொருளுக்கு அதில் இருக்கும் பதிவுதான் உருப்படி.) பதில் எளிது: பெட்ஸ்கேன் என்ற இணையக் கருவி. பகுப்பின் பெயரைக் கொடுத்து, உருப்படி இல்லாதவை மட்டும் என்று தேர்ந்து, ஒரு பொத்தானை அழுத்தினால் பட்டியல் வந்துவிடும். ஆனால் கேட்பவருக்கு அந்தப் பெயர் தெரியாதே. தெரியாமல் கூகுளில் தேடினால் கிடைக்காது. அரைகுறையாகத் தெரிந்து தேடினால் புற்றுநோய் மருத்துவமனைகள்தான் வரும். தரவுத்தளத்தில் வினவல் எழுதும் இடத்துக்குப் பெயர் க்வாரி. உலாவியிலேயே பைத்தான் ஓட்டும் இடத்துக்குப் பெயர் பாஸ். பெயர் வைத்தவர்களுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு, தேடுகிறவருக்குத்தான் தலைவலி.

தன்னார்வலர்கள் செய்யும் கருவிகளுக்குப் பொதுப் பட்டியல் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். பட்டியலின் அவசியத்தை யாரும் மறுப்பதில்லை. பட்டியல் போட்ட மறுநாளிலிருந்து அதை யார் திருத்துவது என்பதில்தான் எல்லாம் கவிழ்கிறது.

விக்கிப்பீடியாவும் அதன் உடன்திட்டங்களும் சேர்ந்த விக்கிமீடியாவின் கதையே இதற்குச் சான்று. 2005இல் ஜெர்மனியின் விக்கிமீடியா அமைப்பு கருவிகளை ஓட்ட டூல்சர்வர் என்ற பொது வழங்கியைத் தொடங்கியது. அதை 2014இல் மூடிவிட்டு, விக்கிமீடியா அறக்கட்டளையின் டூல் லேப்ஸுக்கு எல்லோரையும் இடம் மாற்றினார்கள். அதற்கே 2017இல் டூல்ஃபோர்ஜ் என்று பெயர் மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் முகவரிகள் மாறின. கையால் எழுதிய விக்கிப் பக்கப் பட்டியல்களில் பழைய முகவரிகள் அப்படியே கிடந்தன. ஹே க்ரானன் என்ற டச்சு நிரலாளர் வேறு வழி பிடித்தார்: கருவி செய்தவரே தன் கருவியின் விவரத்தை ஒரு சிறு ஜேசான் கோப்பாக (நிரல்கள் படிக்கும்படி கட்டம் கட்டமாக எழுதிய உரைக் கோப்பு) தன் தளத்திலேயே வைக்கட்டும், பட்டியல் அதைத் தானே வந்து எடுத்துக்கொள்ளும். அந்த டூல்இன்ஃபோ கோப்பு வடிவத்தின் மேல்தான் 2021இல் டூல்ஹப் என்ற விக்கிமீடியாவின் பொதுக் கருவிப் பட்டியல் எழுந்தது.

செய்தவரே விவரம் தருவது அழகான யோசனை, ஆனால் பாதிதான் சரி. செய்தவருக்குத் தன் கருவி என்ன செய்கிறது என்பது தெரியும். யாருக்கு, எந்த வேலைக்குப் பயன்படுகிறது என்பது பயன்படுத்துகிறவருக்குத்தான் தெரியும். அதோடு, கருவி செத்துப்போவதற்கு முன்பே பல நேரம் செய்தவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். "இது இப்போது ஓடவில்லை" என்று எழுத அவர் திரும்பி வரமாட்டார். டூல்ஹப் இதைப் புரிந்துகொண்டு ஒவ்வொரு பதிவையும் இரண்டாகப் பிரித்தது. கோப்பிலிருந்து வரும் மூலத் தகவலில் வேறு யாரும் கைவைக்க முடியாது. அதன் மேல் குறிப்புரை என்று தனி அடுக்கு உண்டு. விக்கிமீடியா கணக்கு இருக்கிற யாரும் அதில் எழுதலாம், செய்தவர் வெற்றாக விட்ட கட்டங்களையும் நிரப்பலாம். வரலாறு இருக்கிறது, தவறான திருத்தத்தை மீட்கலாம். எந்தச் சமூகம் இப்படிப் பட்டியல் தொடங்கினாலும் முதல் நாளே இந்தப் பிரிவினையை வைத்துவிட வேண்டும் என்பேன். பின்னால் சேர்க்கப் போனால், உரிமையாளர் எழுதியது எது, ஊர் எழுதியது எது என்று பிரிக்கவே முடியாது.

கோப்பு எழுதுவது பெரிய வித்தை இல்லை. கட்டாயமானவை நான்கு கட்டங்கள்: அடையாளப் பெயர், தலைப்பு, விளக்கம், முகவரி. ஒரே கோப்பில் பல கருவிகளை வரிசையாக வைக்கலாம். கோப்பின் முகவரியை ஒருமுறை டூல்ஹப்பில் பதிந்துவிட்டால், குறித்த இடைவெளியில் அது தானாக வந்து படிக்கும். பொதுவாகச் சறுக்குவது இரண்டு இடங்களில். கடைசி வரிக்குப் பின் ஒரு காற்புள்ளி மிஞ்சினாலும் ஜேசான் செல்லாது, கோப்பு முழுதும் படிக்கப்படாது. அடுத்தது, அடையாளப் பெயர் வீட்டு எண் மாதிரி. தலைப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றுங்கள், அதை மட்டும் தொடாதீர்கள். மாற்றினால் வேறு கருவி என்றுதான் கணக்காகும். பழைய பதிவின் மேல் பிறர் எழுதிய குறிப்புகள் புதியதற்கு வராது.

கட்டாயம் இல்லாத கட்டங்களில்தான் உண்மையான பயன் இருக்கிறது. கருவியின் வகை: இணையச் செயலியா, தானாகத் தொகுக்கும் தானியங்கியா, விருப்பத்தேர்வுகளில் இயக்கிக்கொள்ளும் கேட்ஜெட்டா, பயனர் தன் கணக்கில் சேர்க்கும் நிரலா, கட்டளை வரியில் ஓடுவதா? இது தெரியாமல் ஒருவரை அனுப்பினால், கைப்பேசியில் தொகுக்கிறவர் லினக்ஸ் முனையத்தின் முன் போய் நிற்பார். பிறகு உரிமம், மூல நிரல் இருக்கும் இடம், எந்தெந்த விக்கிகளுக்கு, வழு (நிரல் பிழை) தெரிவிக்கும் இடம். இவற்றோடு யாரும் நிரப்பாத இரண்டு கட்டங்கள் உண்டு: "கைவிடப்பட்டது", "இதற்குப் பதிலாக இது". என் கணக்கில் பட்டியலிலேயே விலைமதிப்பு கூடியவை இந்த இரண்டும்தான். ஒரு புதுக் கருவியைச் சேர்ப்பவருக்குக் கைதட்டுகிறோம். பத்து செத்த கருவிகளைக் குறித்து வைப்பவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் புதிதாக வரும் ஒருவர், பட்டியலை நம்பி முதலில் சொடுக்கிய மூன்றும் பிழைப் பக்கம் காட்டினால், நான்காவதைச் சொடுக்கமாட்டார்.

கருவிகள் ஏன் சாகின்றன? பெரும்பாலும் அடியில் இருக்கும் தரை நகர்வதால்தான். 2020 ஜனவரி 1உடன் பைத்தான் 2க்கு ஆதரவு முடிந்தது. 2021 வாக்கில், கருவிகள் வினவும் விக்கிகளின் தரவுத்தள நகல்களைத் தனித்தனி வழங்கிகளாகப் பிரித்தார்கள். ஒரே வினவலில் இரண்டு விக்கிகளின் அட்டவணைகளை இணைத்துக் கொண்டிருந்த கருவிகள், குறிப்பாக விக்கிப்பீடியாவையும் படங்கள் சேமிக்கும் பொதுவகத்தையும் ஒப்பிட்டவை, இரண்டு வினவல் போட்டு முடிவை நிரலுக்குள் இணைக்கும்படி மாற வேண்டி வந்தது. 2024இல் டூல்ஃபோர்ஜில் கருவிகளை ஓட்டிய பழைய கிரிட் எஞ்சின் நின்றது. அதற்குப் பதிலாக வந்த குபர்நெட்டீஸுக்கு மாறாதவை அதோடு நின்றன. தளத்தின் தோற்றத்தில் வரும் மாற்றமும் அப்படித்தான். வெக்டர் 2022 தோற்றம் வந்தபோது, பழைய பட்டியின் அடையாளத்தை நேரடியாகப் பிடித்து அதில் பொத்தான் ஒட்டிய நிரல்களின் பொத்தான்கள் இடம் தெரியாமல் போயின. மீடியாவிக்கியே தரும் செயற்கூற்றின் வழி இணைப்புச் சேர்த்தவை பெரும்பாலும் தப்பின. இந்தத் தேதிகளைத் தெரிந்து வைத்துக்கொண்டால், எந்தக் கருவியை முதலில் சோதிக்க வேண்டும் என்பது புரியும்: இந்த மாற்றங்களுக்குப் பின் நிரலில் ஒரு திருத்தம்கூட நடக்காதவற்றை.

"பதிலாக இது" என்று எழுதுவதிலும் நிதானம் வேண்டும். நூல்களை மின்னுரையாக்கும் விக்கிமூலத்துக்காக த. சீனிவாசன் எழுதிய ஓசிஆர்4விக்கிசோர்ஸ் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். முழு நூலின் பிடிஎஃப்பை எடுத்து, பக்கம் பக்கமாகப் பிரித்து, கூகுள் டிரைவ் வழியாக எழுத்துணரியில் (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் நிரல், ஓசிஆர்) ஓட்டி, வந்த உரையை விக்கிமூலத்தில் ஏற்றுவது அதன் வேலை. இன்று விக்கிமூலத்தில் தொகுக்கும்போதே எழுத்துணரிப் பொத்தான் இருக்கிறது. கூகுளையோ டெசராக்டையோ தேர்ந்தெடுக்கலாம். அதனால் பழையது தேவையில்லை என்று ஒருவர் குறித்துவிடக்கூடும். ஆனால் பொத்தான், தொகுத்துக் கொண்டிருக்கும் ஒரு பக்கத்துக்கு. நிரல், முந்நூறு பக்க நூலை மொத்தமாக ஏற்ற. ஒன்று மற்றொன்றின் வாரிசு அல்ல. பட்டியலில் எழுத வேண்டிய விளக்கம் "விக்கிமூல எழுத்துணரிக் கருவி" என்பது அல்ல; "முழு நூலை மொத்தமாக எழுத்துணரியில் ஓட்டி ஏற்ற; லினக்ஸும் பைத்தானும் வேண்டும்; பின்னர் மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும்" என்பது. என்ன வேலை, என்ன தேவை, என்ன செய்யாது. இந்த மூன்றும் இல்லாத விளக்கம் வெறும் பெயர்ப்பலகை.

"எல்லா விக்கிகளுக்கும்" என்று நட்சத்திரக்குறி போட்டிருப்பதை நம்பவே கூடாது, குறிப்பாகத் தமிழுக்கு. "கேட்டகரி" என்ற ஆங்கிலச் சொல்லை உரையில் தேடும்படி எழுதிய நிரல் "பகுப்பு:" என்பதைத் தாண்டிப் போய்விடும். பகுப்புகளுக்கு எல்லா விக்கிகளிலும் பொதுவான பெயர்வெளி (பக்க வகை) எண் 14 என்று எழுதியிருந்தால் எந்த மொழியிலும் ஓடும். இன்னும் மோசமானது ரெஜெக்ஸ், அதாவது உரையில் வடிவம் பார்த்துத் தேடும் குறியீடு. சொல்லெழுத்து என்பதற்குப் பேக்ஸ்லாஷ்-டபிள்யூ போட்டால் ஜாவாஸ்கிரிப்டில் தமிழ் எதுவுமே பொருந்தாது. பைத்தான் 3இன் வழக்கமான தொகுதியிலோ உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்தாகக் கணக்கில் வராது. "தமிழ்" என்ற சொல் "தம", "ழ" என்று இரண்டு துண்டாக உடையும். சொற்களை எண்ணும் கருவி, கட்டுரை உண்மையில் இருப்பதைவிட நீளம் என்று சொல்லும். பைட்டுக் கணக்கும் ஏமாற்றும்: யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட், "கி" என்றால் 6. ஆங்கிலக் கட்டுரைகளுக்கு வைத்த குறுங்கட்டுரை வரம்பைத் தமிழுக்கு அப்படியே வைத்தால், இரண்டு பத்திகூட நெடுங்கட்டுரை ஆகிவிடும். "தமிழில் சோதித்தது, இந்த மாதம், இந்தக் குறை உண்டு" என்ற ஒரு வரி, இத்தகைய கருவிக்கு நூறு நட்சத்திரங்களைவிட மேல்.

கேட்ஜெட்டுகளில் வேறொரு சிக்கல். ஆங்கில விக்கியில் இருந்து நிரலை நகலெடுத்துத் தமிழ் விக்கியில் ஒட்டினால், அங்கே வழு திருத்தியது இங்கே வராது. நகலெடுக்காமல் அங்கிருந்தே ஏற்றினால் திருத்தம் உடனே வரும்; அங்கே யாராவது கெடுத்தாலும் அது உடனே வரும், அதுவும் உங்கள் கணக்கின் உரிமைகளோடு ஓடும். தளம் முழுமைக்குமான ஜாவாஸ்கிரிப்டைத் தொடும் உரிமையை 2018இல் இடைமுக நிர்வாகிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது இந்த ஆபத்தால்தான். எனவே நகலா, நேரடி ஏற்றலா, நகல் என்றால் எந்தத் தேதியின் நகல் என்பது பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இருப்பது பாதுகாப்புச் சான்று அல்ல என்பதையும் மேலேயே எழுதிவிடலாம். பலர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

தமிழ் விளக்கத்துக்கு டூல்ஹப்பில் நேர்வழி இல்லை, இது என் மனக்குறை. இடைமுகத்தை மொழிபெயர்க்கலாம்; ஆனால் ஒரு பதிவின் தலைப்பும் விளக்கமும் ஒரு மொழியில்தான். சுற்றுவழிகள் உண்டு. பயனர் உதவிப் பக்கத்துக்கான கட்டம் மொழிவாரியாகப் பல இணைப்புகளை ஏற்கும். விக்கியில் தமிழ் உதவிப் பக்கம் எழுதி, அந்த இணைப்பைச் சேர்க்கும்படி பராமரிப்பவரைக் கேட்கலாம். இல்லையென்றால் கருவிகளைத் தொகுத்துத் தமிழ்த் தலைப்போடு நாமே ஒரு பட்டியல் அங்கே உருவாக்கலாம்.

அப்படி உருவாக்கினால் ஆயிரக்கணக்கில் சேர்க்க ஆசைப்பட வேண்டாம். தானாக அள்ளிய பதிவுகளில் ஒரு வரி விளக்கம்கூட இல்லாதவை ஏராளம். முப்பது கருவி போதும். முதலில் கேட்ஜெட் பயன்பாட்டுச் சிறப்புப் பக்கத்தைத் திறந்து, எத்தனை பேர் இயக்கியிருக்கிறார்கள், அவர்களில் இப்போது செயல்படுகிறவர்கள் எத்தனை என்று பாருங்கள். இயல்பிலேயே எல்லோருக்கும் இயங்குபவற்றுக்கு அங்கே எண் வராது, அவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மேலிருந்து பதினைந்து. மீதியை விக்கிமூலம், பொதுவகம், விக்கித்தரவு வேலை செய்கிறவர்களிடம் கேட்டு எடுக்கலாம். ஒவ்வொன்றையும் நிர்வாக உரிமை இல்லாத சாதாரணக் கணக்கில், ஒரு தமிழ்ப் பக்கத்தில், ஒருமுறை கைப்பேசியிலும் ஓட்டிப் பார்த்துத் தேதி போடுங்கள். ஆளுக்கு ஐந்து கருவி என்று ஆறு பேர் எடுத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுசோதனை ஒரு மாலை வேலை. ஆறு மாதமாகத் தேதி மாறாத வரியைச் சாம்பல் நிறமாக்க ஒரு சின்ன வார்ப்புரு போதும். அதை ஒருவரின் தீர்ப்பாக்காமல் வார்ப்புருவிடம் விடுவது நல்லது, மனிதர்கள் ஒருவர் கருவியை இன்னொருவர் சாம்பலாக்கினால் பேச்சுப் பக்கத்தில் ஒரு வாரம் போய்விடும்.