ஆர்வம் இல்லையாம்

அமெரிக்காவில், ஹூஸ்டனில், லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராமிங் வகுப்பு எடுக்கிறேன். சனிக்கிழமை நம் தமிழ்க் குழுவில் அதைப் பற்றி நடந்த பேச்சைப் படித்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். "மெக்சிகன் பசங்களுக்குக் கம்ப்யூட்டர்ல ஆர்வமே கிடையாதும்மா, ஏன் நேரத்தை வீணாக்குற?" என்று கேட்டார் ஓர் அண்ணன். அதற்கு 23 பேர் கட்டைவிரல் உயர்த்தி லைக் போட்டிருந்தார்கள். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

என் வகுப்பில் எல்லாரும் மெக்சிகன் இல்லை. எல் சால்வடோர், ஹோண்டுராஸ் குடும்பங்கள் ஹூஸ்டனில் எத்தனை இருக்கின்றன என்பது இத்தனை வருடம் இங்கே இருந்தும் தெரியாதா?

ஆர்வம் இல்லை என்பது பொய். சொல்லித்தர ஆள் இல்லை. ஜேன் மார்கோலிஸ் என்ற கல்வி ஆய்வாளர் லாஸ் ஏஞ்சல்ஸில் மூன்று அரசுப் பள்ளிகளை ஆராய்ந்து 2008இல் எழுதினார். லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் கம்ப்யூட்டர்கள் இருந்தன. பாடம் என்று நடந்ததோ டைப்பிங்கும் கட் பேஸ்ட்டும்தான்.

என் வகுப்பில் 15 வயதுப் பெண் ஒருத்தி நான்கு வாரமாக வாயே திறக்கவில்லை. பிள்ளைகள் கட்டங்களை அடுக்கிப் புரோகிராம் எழுதும் ஸ்க்ராட்சில் மேலே இருக்கும் உலக உருண்டையைத் தட்டி ஸ்பானிஷுக்கு மாற்றிக் காட்டினேன். திரையில் "மோவெர் 10 பாசோஸ்" (10 அடி நகர்) என்று அவள் மொழியில் வந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அம்மா வீட்டில் செய்து விற்கும் தமாலே என்ற சோளமாவுப் பலகாரத்துக்கு டஜன் கணக்குப் போடும் புரோகிராம் ஒன்றை அவளே எழுதினாள். வகுப்பு முடிந்தும் நாற்காலியை விட்டு எழவில்லை. இது ஆர்வம் இல்லையா?

"அது தானா வரணும்" என்பீர்கள். குவாத்தமாலாவில் லூயிஸ் வான் ஆன் எட்டு வயதில் கேட்டது நின்டெண்டோ வீடியோ கேம். அம்மா வாங்கிக் கொடுத்தது கமடோர் 64 என்ற கம்ப்யூட்டர். பின்னாளில் மொழி கற்றுத்தரும் டுயோலிங்கோ செயலியைத் தொடங்கிய இருவரில் அவர் ஒருவர். யாரோ ஒருவர் எடுத்துக் கையில் கொடுத்ததால்தானே வந்தது?

"சனிக்கிழமையானா அப்பாவோட கூரை வேலைக்குப் போயிடறாங்களே?" சரி, அது உண்மை. மூன்று பையன்கள் அப்படித்தான் நின்றுபோனார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

"நம்ம பிள்ளைகளுக்கு எடுக்கலாமே?" நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே இரண்டு புரோகிராமர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு வலிப்பது வேறு. விருதுநகர் பக்கத்தில் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரி லேபில் போய் நின்றேன். "உனக்கெல்லாம் இது வராதும்மா" என்றார் ஆசிரியர். விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த அண்ணனும் கிராமத்திலிருந்து வந்தவர்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஃபீஸ் கட்டியதால் படித்ததாகப் பொங்கல் விழா மேடையில் கண் கலங்கச் சொன்னார்.

அண்ணா, உங்களுக்கு ஆர்வம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டா அவர் கட்டினார்?