சுற்றைக் கூட்டினால் பரப்பு கூடாது

பத்து மீட்டர் சதுரத்திலேயே கம்பிச் சுற்றுகளைக் கூட்டினால் பெரிய லூப் (கம்பி வளைய) ஆன்டெனாவுக்கு ஈடாகும், எஸ்.டபிள்யூ.ஆர். (டிரான்ஸ்மிட்டருக்கும் ஆன்டெனாவுக்கும் உள்ள பொருத்தத்தின் அளவு) 1:1 வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று மன்னார்குடி நண்பர் ஒருவர் எழுதியிருப்பது, கேட்பதற்கு மட்டும் அமைக்கும் லூப்புக்கு ஓரளவு பொருந்தும், ஒலிபரப்புக்குப் பொருந்தாது.

630 மீட்டர் அலைநீள அமெச்சூர் வானொலிப் பட்டையில், 4 மி.மீ. செம்புக் கம்பியில் ஒரே சுற்றாக அமைந்த அந்தச் சதுரத்தின் கதிர்வீச்சு மின்தடை (அலையாக வெளியேறும் ஆற்றலைக் குறிக்கும் மின்தடை) ஏறத்தாழ 2 மில்லிஓம்தான். கம்பியில் வெப்பமாக வீணாகும் இழப்பின் மின்தடையோ 0.57 ஓம் அளவில் இருப்பதால், 100 வாட் கொடுத்தாலும் வானில் செல்வது மூன்றில் ஒரு வாட். இரண்டாம் சுற்றைச் சேர்த்தால் கதிர்வீச்சு மின்தடை நான்கு மடங்காகும், ஆனால் இழப்பும் குறைந்தது இரட்டிப்பாவதால் பயனுறுதிறன் இரு மடங்கைத் தாண்டாது. அதே 80 மீட்டர் கம்பியைத் தென்னந்தோப்பில் 20 மீட்டர் சதுரமாக ஒரே சுற்றாக விரித்தால் பயனுறுதிறன் எட்டு மடங்காகும். டெல்டாவில் தென்னைக்கா பஞ்சம்?

எஸ்.டபிள்யூ.ஆர். பொருத்தத்தை மட்டுமே காட்டும். அலை வீசாமல் ஆற்றலை வெப்பமாக்கும் சோதனைச் சுமையான டம்மி லோடும் 1:1 காட்டும். ஆன்டெனாவுக்கு நல்லது என்று நண்பர் புகழ்ந்த ஈர வயலும், செங்குத்து லூப்பின் அடிக்கம்பி அதை ஒட்டி ஓடினால் இழப்பையே கூட்டும்.

ஒற்றைச் சுற்றில்கூட 100 வாட்டுக்கு, லூப்பை டியூன் செய்யும் கபாசிட்டரின் குறுக்கே ஏறத்தாழ 2,400 வோல்ட் நிற்கும். மறுபடி டியூன் செய்யாமல் லூப் இயங்கும் அலைவரிசை அகலமும் ஒன்றரை கிலோஹெர்ட்ஸ்தான் என்பதால், மழைக்காலத்தில் தோப்பு நனைந்தால் மறுபடியும் டியூன் செய்ய நேரலாம். ரேடியோப் பெட்டியின் சிறு கபாசிட்டரை இங்கே மாட்டாதீர்கள், பொறி பறக்கும்.