ரெண்டு ஏடிவி ஏத்த டிரெய்லர் பாக்கறவங்க பிளாட்ஃபார்ம விட்டுட்டு கீழ குனிஞ்சி பாருங்க

ஏலகிரி, ஜவ்வாது மலை அடிவாரம், அமிர்தி பக்கம்னு தோட்டத்துல ரூம் கட்டி வாடகைக்கு விடறவங்க இப்ப ஏடிவி வாங்கறது ஒரு ஃபேஷனா போச்சு, அதாங்க அந்த குண்டு டயரு நாலு சக்கர வண்டி. ஒண்ணு வாங்கினா போதாது, ஜோடியா ஓட்டத் தான் வர்றவங்களுக்கு ஆச, அதனால ரெண்டு. எறக்கினதுக்கு அப்புறம் தான் அடுத்த தலவலி. டிராக்டர் கணக்குல ரெஜிஸ்டர் பண்ற மாதிரி போலாரிஸ் கம்பெனி 2020ல ஒரு மாடல் விட்டாங்க, அத விட்டுட்டா நம்ம பக்கம் நான் பாக்கற ஏடிவிங்க முக்காவாசி நம்பர் பிளேட்டே இல்லாதது, தோட்டத்துக்குள்ள மட்டும் தான் ஓட்டலாம். சர்வீஸுக்கோ இன்னொரு தோட்டத்துக்கோ போணும்னா ஏத்திகினு தான் போணும்.

நான் வேலூர் சத்துவாச்சாரில ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வெச்சிருக்கேன். டிரெய்லரு எல்லா வேலையும் முடிஞ்சி கடைசியா லைட்டு வயரிங்குக்கு தான் எங்கிட்ட வரும், அதனால நல்லது கெட்டது ரெண்டையும் அடியில படுத்துகினு பாக்கறவன் நானு. வர்றவங்க எல்லாருக்கும் ஒரே பேச்சு தான், இத்தன அடி போட்டேன், அத்தன அடி போட்டேன், செக்கர் பிளேட்டு அடிச்சேன், பெயின்ட்டு பாத்தியான்னு. வில்லங்கம் பூரா அந்த பிளாட்ஃபார்முக்கு கீழ தான் இருக்குது, ஆக்ஸில் எங்க உக்காந்திருக்குது, முன்னாடி எவ்ளோ பாரம் விழுது, பிரேக்கு இருக்குதா இல்லியா. இத ஒருத்தரும் கேக்கறதில்ல.

நீளம் அஞ்சு நிமிஷ கணக்கு, அத மொதல்ல முடிச்சிடுவோம். ஸ்போர்ட்ஸ்மேன் 570 மாதிரி நடுத்தர ஏடிவி ஒண்ணு நீளம் சுமார் 211 சென்டிமீட்டர், அகலம் 122, வெறும் எடை 320 கிலோ கிட்ட. பெட்ரோல் ரொப்பி, முன்னாடி வின்ச்சு பின்னாடி பொட்டின்னு மாட்டினா 350னு வெச்சிக்கோங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தலாம்னா அகலமே 244 ஆச்சு, நடுவுல கை போற அளவு எடம் வேணும், அதுக்கும் வெளிய டிரெய்லர் டயரு, மட்கார்டு. மொத்த அகலம் 2.6 மீட்டர் தாண்டக் கூடாதுன்னு சென்ட்ரல் மோட்டார் வெஹிக்கிள் ரூல்ஸ்ல இருக்குது, அந்த ஐடியா அங்கயே அவுட்டு. ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னா 14 அடி, தாராளமா வேணும்னா 15.

இன்னொரு வழி இருக்குது, நம்ம ஊர்ல யாரும் யோசிக்கறதே இல்ல. குறுக்கால ஏத்தறது. ஏடிவி முன் டயரு மூக்குலேந்து பின் டயரு முதுகு வரைக்கும் 195 கிட்ட தான் வரும், பிளாட்ஃபார்ம் அகலம் 2 மீட்டர் இருந்தா குறுக்க நிக்கும், பம்பர் மட்டும் ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிகினு இருக்கும். அப்ப நீளம் 9 அடி போதும். சைடுல ரேம்ப்பு போட்டு ஏத்தணும், பிளாட்ஃபார்ம் டயருக்கு மேல வர்றதால ஒயரமா இருக்கும், அதான் இதுல கஷ்டம். ஆனா பொன்னேரிலேந்து ஏலகிரி ஏறும் போது கபிலர், பாரின்னு பேரு வெச்ச அந்த 14 கொண்ட ஊசி வளைவுல 15 அடி டிரெய்லர் இழுத்துப் பாருங்க, வண்டி திரும்பிடும், டிரெய்லரோட உள் பக்க சக்கரம் வளைவ குறுக்கால அறுத்துகினு போய் கட்டச் செவுத்த தேய்க்கும். மலைக்கு அடிக்கடி ஏறி எறங்கறவங்களுக்கு குட்டை டிரெய்லர் தான்னு என் கட்சி. காட்பாடி, ராணிப்பேட்டன்னு ஹைவேல தான் ஓட்டம்னா நீளமானதே வாங்கிக்கோங்க, நேர் ரோட்ல நீளமானது தான் அலயாம வரும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மாட்டு வண்டி ஓட்டின பெரியவங்களுக்கு முன்பாரம் பின்பாரம்னா சொல்லவே வேணாம், மூட்டைய பின்னாடி தள்ளி அடுக்கினா நொகத்தடி மேல தூக்கும், மாடு கழுத்துல கயிறு இறுக்கும், முன்னாடி அடுக்கினா மாடு மண்டி போடும். கார் டிரெய்லரும் அச்சு அசலா அதே தான். ரெண்டு ஏடிவி 700 கிலோ, இரும்பு டிரெய்லர் 500னு வெச்சா மொத்தம் 1,200. இதுல நூத்துக்கு பத்துலேந்து பதினஞ்சு பங்கு, அதாவது 120லேந்து 180 கிலோ, இழுக்கற வண்டியோட ஹிட்ச்சு மேல, அதாவது டிரெய்லர் மாட்டற எடத்து மேல, உக்காரணும். அதுக்கு கொறஞ்சா அறுவது எழுவது கிலோமீட்டர் ஸ்பீடுல டிரெய்லர் வால ஆட்ட ஆரம்பிக்கும், மொதல்ல லேசா, அப்புறம் ஒவ்வொரு ஆட்டமும் பெருசாகும், பள்ளிகொண்டா தாண்டி லாரி ஒண்ணு உரசிகினு ஓவர்டேக் பண்ற காத்து போதும் அத கெளப்பி விட. அப்டி ஆடும் போது பிரேக்க அமுக்கிடாதீங்க, ஸ்டியரிங்க நேரா புடிச்சிகினு ஆக்ஸிலேட்டர்லேந்து கால எடுத்துடுங்க. முன்பாரம் ஜாஸ்தியானாலும் வம்பு தான், வண்டி பின்னாடி உக்காந்துடும், முன் சக்கரத்துல பிடி கொறயும், ராத்திரில ஹெட்லைட்டு எதிர்ல வர்றவன் மூஞ்சில அடிக்கும்.

இத எப்டி எடை போடறதுன்னு கேக்கறாங்க. கரும்பு, நெல்லு, மணல்னு ஏத்தற ஊரு நம்முது, வே பிரிட்ஜுக்கு பஞ்சமா? ஏடிவி ரெண்டையும் ஏத்தி கட்டி, வண்டிலேந்து கழட்டி, டிரெய்லரோட முன் ஜாக்கி சக்கரத்த மட்டும் எடை மேடை மேல வெச்சி, பெரிய சக்கரம் ரெண்டும் வெளிய தரையில நிக்கற மாதிரி விட்டு சீட்டு போட சொல்லுங்க. சரியா வரலன்னா ஏடிவிய அரை அடி முன்ன பின்ன நவுத்தினா போதும். எந்த எடத்துல சரியா வருதோ அங்க சக்கரத்துக்கு முன்னாடி ஒரு ஆங்கிள வெல்டு வெச்சிடுங்க, அப்புறம் யார் ஏத்தினாலும் அதே எடத்துல தான் நிக்கும்.

பட்டற கதைக்கு வருவோம். என் தங்கச்சி வீட்டுக்காரரு ஆலங்காயம் பக்கம் தோட்டம் வெச்சிருக்காரு, அவருக்கு ரெண்டு ஏடிவி. டிரெய்லர் செய்ய சொல்லலாம்னு டிராக்டர் டிரெய்லர் செய்யற ஒரு பட்டறைக்கு என்ன இட்டுகினு போனாரு. நல்ல வேலக்காரரு அவரு, வெல்டிங்கு பாத்தா ஆசயா இருக்கும், அம்முண்டி சர்க்கர ஆலைக்கு போற கரும்பு டிரெய்லர் எல்லாம் செய்யறவரு. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அண்ணா, பிரேக்கு போட்டு தருவீங்களா?" சிரிச்சிட்டாரு. "இன்னா தம்பி, நான் டன்னு கணக்குல கரும்பு ஏத்தறேன், இந்த ரெண்டு பொம்ம வண்டிக்கு பிரேக்கு கேக்கற?" மச்சானும் கூட சேந்து சிரிக்கறாரு.

அவரு சொல்றது டிராக்டருக்கு சரி தான். டிராக்டர் போற வேகம் என்ன, 25, 30. எடைய தாங்கற மாதிரி பின்னாடி ஆள் ஒயர சக்கரம். அதுல கொண்டில பின்ன சொருகி இழுக்கறாங்க, அந்த ஓட்டையில விரல் போற அளவு ஆட்டம் இருக்கும், மெதுவா போறதால பரவால்ல. ஆக்ஸில நல்லா பின்னாடி தள்ளி வெப்பாங்க, முன்பாரம் டிராக்டரோட பின் சக்கரத்த அமுக்கினா தான் சேத்துல பிடி கெடைக்கும். அதே டிசைன பொலேரோவுக்கோ ஸ்கார்பியோவுக்கோ பின்னாடி மாட்டி என்எச் 48ல 80ல போனா என்னாகும்? ஹிட்ச்சுல டங்கு டங்குன்னு அடி, பின்னாடி அமுந்த சஸ்பென்ஷனு, நிறுத்தும் போது 1,200 கிலோ முதுகுல வந்து முட்டும். காருக்கு 50 மில்லிமீட்டர் உருண்ட வெச்ச பால் ஹிட்ச்சு தான், அதுவும் பம்பர்ல இல்ல, சேசிஸ்ல போல்ட்டு போட்டது. இழுக்கற எடை வண்டி மேனுவல்ல போட்டிருந்தா அத தாண்டாதீங்க, போடலன்னா கம்பெனில எழுத்துல கேட்டு வாங்குங்க. "அதெல்லாம் இழுக்கும் சார்"னு ஷோரூம் பையன் சொல்றது கணக்குல வராது.

பிரேக்கு வேணாம்னு சொல்றவங்க யூட்யூப்ல அமெரிக்கா வீடியோ காட்டறாங்க, பாரு அவன் பிரேக்கு இல்லாம தான் ரெண்டு ஏடிவி இழுக்கறான்னு. அவன் டிரெய்லர் பிளேட்டுல 2,990 பவுண்டுன்னு அடிச்சிருக்கும், நம்ம கணக்குல 1,356 கிலோ. அங்க பல மாநிலத்துல 3,000 பவுண்டுலேந்து பிரேக்கு கட்டாயம், அதனால பத்து பவுண்டு கொறச்சி அடிச்சி விக்கறான். ஆக்ஸில் தனியா 3,500 பவுண்டு தாங்கறது தான். சட்டத்துக்கு தப்பிக்க அடிச்ச நம்பர இவங்க சேஃப்டி நம்பருன்னு நெனச்சிகினு இருக்காங்க. அதுவும் அவன் இழுக்கறது பெரிய பிக்கப்புல, நம்ம வண்டியோட எடையும் அதோட எடையும் ஒண்ணா?

பிரேக்குல ரெண்டு வகை. இழுக்கற வண்டி ஸ்லோ ஆகும் போது டிரெய்லர் முட்டற முட்டுலயே தானா பிடிக்கறது ஒண்ணு, ஓவர்ரன்னு சொல்வாங்க, வயரு கியரு எதுவும் வேணாம், நேர் ரோட்டுக்கு அருமை. மலை எறக்கத்துல அது முழுக்க முட்டிகினே வர்றதால விடாம பிடிச்சிகினே இருக்கும், டிரம்மு சூடாகி கடைசில பிரேக்கே மங்கிடும், அதனால ரெண்டாவது கியருல இஞ்சின் பிரேக்குல எறங்கணும், நடுவுல எடம் கெடச்சா ஓரம் கட்டி ஆற விடணும். இன்னொண்ணு எலக்ட்ரிக், டிரைவர் பக்கத்துல ஒரு கன்ட்ரோலர், டிரெய்லர் ஆடினா அத மட்டும் தனியா பிடிக்கலாம். நான் எலக்ட்ரீஷியன்றதுக்காக சொல்லல, துட்டு இருக்கறவங்களுக்கு மலைக்கு அது தான் நல்லது. சாமான் இங்க சட்டுனு கெடைக்காது, வரவழைக்கணும்.

ஒத்த ஆக்ஸிலா ரெட்ட ஆக்ஸிலான்னு சண்ட போடறாங்க. ரெண்டு ஏடிவிக்கு ஒத்த ஆக்ஸில் போதும், எடை கம்மி, கையாலயே தள்ளி ஷெட்டுல விடலாம். சைடு பை சைடுன்னு ஸ்டியரிங் வெச்ச பெரிய வண்டி வாங்கற ஐடியா இருந்தா மட்டும் ரெட்ட, அதுல பெருசு ஒண்ணே 600 கிலோ தாண்டும். ஒத்த ஆக்ஸில்ல டயரு தான் உயிரு. டயரு சைடுல 91னு லோட் இண்டெக்ஸ் இருந்தா ஒரு டயரு 615 கிலோ தான் தாங்கும், ரெண்டுக்கு 1,230. முன்பாரம் போக டயர் மேல ஆயிரத்து சொச்சம் கிலோ நிக்குது, கூட ஒரு பெட்ரோல் கேனு, டூல்ஸு பொட்டி, கூலரு போட்டா மிச்சம் ரொம்ப கம்மி. 100னு இருக்கறது 800 கிலோ, அத போடுங்க. காயலாங்கடையில பழைய ஜீப்பு ஆக்ஸிலும் வழிச்ச டயரும் வாங்கி போடறாங்க, வேலூர் வெயில்ல ஷெட்டு இல்லாம மாசக் கணக்குல நின்னு சைடுல வெடிப்பு விட்ட டயரு அது, காத்தும் கம்மியா இருந்தா அக்னி நட்சத்திரத்துல ஹைவேல வெடிக்கறதுக்கு வேற காரணமே வேணாம். ஹப்பு பேரிங்கயும் கழட்டி கிரீஸ் பாக்காம விடாதீங்க.

லைட்டு என் ஏரியா, சுருக்கமா சொல்லிடறேன். எர்த்துக்கு தனி வயரு இழுங்க. ஹிட்ச்சு வழியா எர்த்து எடுத்துக்கும்னு விட்டுடறாங்க, அதுல கிரீஸ் தடவின பிறகு எங்க எடுக்கும், பிரேக்க அமுக்கினா இண்டிகேட்டர் எரியும், இண்டிகேட்டர் போட்டா எல்லாமே மினுக்கும்.

ரேம்ப்பு முழு அகலத்துக்கு தகரம் அடிச்சி வெக்காதீங்க, நிமித்தி வெச்சா காத்த அப்டியே வாங்கும், கம்பி வலை போதும். ஏத்தறதுக்கு முன்னாடி டிரெய்லர் வண்டில மாட்டியே இருக்கணும், பின்னாடி ரெண்டு முட்டு ஜாக்கி போட்டிருக்கணும். மொத ஏடிவி ரேம்ப்புல ஏறும் போது பாரம் பூரா வாலுல நிக்கும், அந்த நேரத்துல முன்பக்கம் படக்குனு மேல எழும்பி வண்டியோட பின்பக்கத்த ஒரு ஜாண் தூக்கறத நான் என் கடை வாசல்லயே பாத்திருக்கேன், ஓட்டினவரு மூஞ்சில ரத்தமே இல்ல. கட்டறதுக்கு நைலான் கயிறு வேணாம், ஒரு ஏடிவிக்கு ராட்செட் பெல்ட்டு நாலு, ஒவ்வொரு மூலைக்கும் ஒண்ணு, சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கற வரைக்கும் இழுத்து. பெல்ட்டு பேக்கிங்ல பெருசா போட்டிருக்கற நம்பரு அறுந்து போற எடை, வேலைக்கு அதுல மூணுல ஒரு பங்கு தான். ஹிட்ச்சுக்கு அடியில சேஃப்டி செயின் ரெண்டு குறுக்கால போகணும், கழண்டாலும் மூக்கு ரோட்ல குத்தாம அந்த செயின் மேல உக்காரும்.

பேப்பர் விஷயம் தான் கடைசில எல்லாருக்கும் ஞாபகம் வருது. மோட்டார் வாகனச் சட்டத்துல டிரெய்லரும் ஒரு வாகனம் தான், அதுக்கு தனி ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், அதோட இழுக்கற வண்டி நம்பரும் டிரெய்லர் மேல தெரியணும், 61வது பிரிவுல இருக்குது. அதனால செய்யறவரு கிட்ட மொத கேள்வியே "அப்ரூவல் இருக்குதா, ஃபார்ம் 21, ஃபார்ம் 22 தருவீங்களா"ன்னு தான் இருக்கணும், மொதல்து வித்ததுக்கு சர்டிபிகேட்டு, ரெண்டாவது ரோட்ல ஓட தகுதின்றதுக்கு. "அதெல்லாம் யாரும் புடிக்க மாட்டாங்க"ன்னு பதில் வந்தா டீ குடிச்சிட்டு கெளம்பிடுங்க, அட்வான்ஸ் குடுக்காதீங்க. ஒரு விபத்துன்னு ஆனா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல கேக்கறது அந்த பேப்பர தான்.

வருஷத்துக்கு ஒருக்கா சர்வீஸுக்கு மட்டும் தான் எடுத்துகினு போணும்னா டிரெய்லரே வேணாம். குட்டி யானைல ஒண்ணு தான் ஏறும், ரெண்டுக்கு எடம் இல்ல. 14 அடி ஐச்சர் வாடகைக்கு எடுத்தா ரெண்டும் ஏறிடும், பாடி ஒயரம் ஒண்ணு தான் பிரச்சன, தோட்டத்துல மண் மேடு பாத்து பின்னாடி ஒட்டி நிறுத்தினா அப்டியே ஓட்டி ஏத்திடலாம். மச்சானுக்கு மாசத்துல பல தடவ மலைக்கும் கீழயும் வேல இருக்குது, அதனால அவருக்கு 9 அடி, குறுக்க ஏத்தறது, எலக்ட்ரிக் பிரேக்குன்னு பேசி முடிச்சிருக்கோம். பேப்பரோட தர்ற ஆளு ஒருத்தர் ஒசூர் பக்கம் கெடச்சிருக்காரு, ரேட்டு மட்டும் இன்னும் படியல.