வெலாசிட்டியை வைத்துத் தடையை அளக்க முடியாது

வெலாசிட்டி, அதாவது சாஃப்ட்வேர் டீம் ஒரு ஸ்பிரிண்டில் (சில வாரச் சுற்றில்) முடிக்கும் ஸ்டோரி பாயிண்ட், குறைந்தால் நிறுவனத் தடை (டீமுக்கு வெளியே, நிறுவனத்தால் வரும் தாமதம்) கூடிவிட்டது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. இந்தக் கணக்கு நிற்காது. ஸ்டோரி பாயிண்ட் என்பது வேலையின் அளவுக்கு டீம் போடும் மதிப்பெண், அதை டீமே ஏற்றி இறக்கலாம். காத்திருந்த நாளை அப்படிச் செய்ய முடியாது.

வேலைகளைப் பதிந்து பின்தொடரும் ஜிரா மென்பொருளில் ஒரு கார்டு (ஒரு வேலை) நின்றதும் கொடி (ஃப்ளாக் என்ற குறி) போடுங்கள். காரணத்தையும், யாருக்காகக் காத்திருக்கிறது என்பதையும் அப்போதே எழுத வேண்டும். ஸ்பிரிண்ட் முடிவில் எழுதினால் பாதி 'இதர' ஆகிவிடும். நின்ற கார்டுகளை நகர்த்தி வைக்க போர்டில் 'பிளாக்டு' என்று தனி நெடுவரிசை வைக்காதீர்கள். டெஸ்டிங்கில் நின்றதா, டெப்லாய்மென்ட்டில் நின்றதா என்பது மறைந்துவிடும். கொடி போட்ட நேரமும் எடுத்த நேரமும் கார்டின் ஹிஸ்டரியில் இருக்கும்.

10 வேலைநாள் ஓடிய கார்டில் கைவைத்தது 2 நாள் என்றால் ஃப்ளோ எஃபிஷியன்ஸி (மொத்த நாளில் உண்மையில் வேலை நடந்த பங்கு) 20%. மீதி 8 நாளில் செக்யூரிட்டி டீமின் ஒப்புதலுக்கு எத்தனை, டெஸ்ட் சர்வருக்கு எத்தனை என்று பிரித்தால்தான் மேலிடத்தில் பேச முடியும். பல கார்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது சராசரி வேண்டாம், இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எடுங்கள். ஒரே ஒரு 60 நாள் கார்டு சராசரியைச் சாய்த்துவிடும்.

பெரிய ஓட்டை வேறு: கொடி போடாமல் அடுத்த கார்டுக்குத் தாவுவது. தடை ரிப்போர்ட்டில் வராது, கையிலுள்ள கார்டுகள்தான் ஏறும். ஆளுக்கு 2 கார்டு என்று வரம்பு வைத்துப் பாருங்கள், தாவ வழியில்லாமல் கொடிகள் வெளியே வரும்.