12 ஜிபி கார்டு, 8 ஜிபி கார்டை விட வேகமானதா?

“ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி மெமரி, 3060 டிஐ-யில் 8 ஜிபிதான், ஆகவே 3060 தான் வேகமானது” என்று என்விடியா நிறுவனத்தின் இந்த இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளைப் பற்றி ஒரு தகவல் பரவி வருகிறது. இது தவறு.

மெமரியின் அளவு வேறு, வேகம் வேறு. 3060-இல் 3584 குடா கோர்கள் (கணக்கிடும் அலகுகள்), டிஐ-யில் 4864. மெமரிக்குத் தரவு போய்வரும் பாதையின் அகலம் 3060-இல் 192 பிட், டிஐ-யில் 256 பிட். அதனால் 3060-இல் நொடிக்கு 360 ஜிபி தரவு போகும் இடத்தில் டிஐ 448 ஜிபி அனுப்புகிறது. பெரும்பாலான கேம்களில் டிஐ சுமார் 25 முதல் 30 சதவீதம் முந்துகிறது. மின்தேவையும் கூடுதல்தான்: 170 வாட்டுக்கு எதிராக 200 வாட்.

அப்படியானால் சிறிய கார்டான 3060-க்கு 12 ஜிபி ஏன்? ஒரு மெமரி சிப்புக்கு 32 பிட் பாதை வேண்டும். 192 பிட்டில் ஆறு சிப்கள்தான் அமையும். ஒவ்வொன்றும் 1 ஜிபி என்றால் மொத்தம் 6, 2 ஜிபி என்றால் 12. இடையில் 8 வராது. 6 போதாது என்பதால் 12 வைத்தார்கள். அது நல்ல முடிவே.

அந்த 12 ஜிபி உண்மையாகவே உதவும் இடங்களும் உண்டு. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பெரிய காட்சிகள், கணினியிலேயே இயக்கும் ஏஐ மாடல்கள், டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களை) உச்சத்தில் வைத்த சில புதிய கேம்கள். 8 ஜிபி கார்டில் தேவை அந்த அளவைத் தாண்டினால், தரவு பிசிஐஇ (கார்டைக் கணினியோடு இணைக்கும் வழி) வழியாகக் கணினியின் ரேமுக்குப் போய்வரும். படம் திக்கித் திக்கி ஓடும்.

பழைய கார்டு வாங்குவோர் கவனிக்க: 2022-இல் 3060 பெயரிலேயே 8 ஜிபி வகையும் வந்தது. அதில் பாதை 128 பிட்தான், வேகமும் குறைவு. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் ‘பஸ் விட்த்’ (பாதையின் அகலம்) 192 பிட் எனக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.