எக்ஸ்ரே அறைக்கு நம்ம பிள்ளைகள் வரவேணும்

உயர்தரப் பெறுபேறு வந்தால், உயிரியல் படித்த பிள்ளை இருக்கிற தோட்டத்து வீட்டில் ஒரே கேள்விதான்: "டாக்டருக்குக் கிடைக்குமா?" கிடைக்காது என்று தெரிந்தால் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. விடிய முதல் பஸ் ஏறி ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் டியூஷன் போய் வந்த பிள்ளை, கொஞ்ச நாளில் கொழும்பில் ஏதோ ஒரு கடையில் நிற்கிறது. இதைப் பார்த்துப் பார்த்து மனம் கொதித்துத்தான் எழுதுகிறேன்.

நான் ரேடியோகிராபர், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எடுக்கிறவர். மலையகத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன், பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் சொந்தக்காரர்களே "பட்டன் அமத்துற வேலைதானே" என்கிறார்கள். அந்தப் பட்டனுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

இருமலோடு ஓர் அம்மா வருகிறார் என்று வையுங்கள். நெஞ்சுப் படம் எடுக்கவேணும். பின்னல் தோள்மேல் கிடந்தால் நுரையீரலின் மேல்பாகத்தில் நிழல் விழும். காசநோயை முதலில் தேடுகிற இடமே அதுதான். தாலிக் கயிற்றில் ஊக்கு கோர்த்திருப்பார், அதுவும் படத்தில் விழும். கழற்றச் சொன்னால் முகம் மாறிவிடும். கழற்றத் தேவையில்லை, கயிற்றைத் தூக்கி வாயில் கவ்விக்கொண்டாலே நெஞ்சை விட்டு விலகிவிடும். தோள் இரண்டையும் முன்னால் தள்ளவேணும், இல்லாவிட்டால் தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்கும். பிறகு, "மூச்ச நல்லா இழுங்கம்மா... அப்படியே புடிங்க... விடாதீங்க." மூச்சு நிறையாவிட்டால் நுரையீரலின் அடிப்பாகம் சரியாகத் தெரியாது, இதயமும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். இல்லாத வருத்தம் இருக்கிறது போல் ஆகிவிடும். இதையே விளங்காத மொழியில் ஒருவர் சத்தமாகச் சொன்னால், அந்த அம்மா பயத்தில் மூச்சை விட்டுவிடுவார். படம் கெடும், இரண்டாவது தடவை கதிர் படும். குற்றம் அந்த அம்மாவினுடையது இல்லை.

மழைக்காலத்தில் மலையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து வருகிறவர்கள் அதிகம். மணிக்கட்டை ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் வெடிப்பு ஒளிந்துகொள்ளும். ஒன்றுக்கொன்று 90 பாகையில் இரண்டு படமாவது வேணும். வலியில் துடிக்கிற கையைத் திருப்பச் சொல்லுவதற்குப் பேசத் தெரியவேணும்.

கதிர் அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேணும். உடம்பில் படும் கதிரை மில்லிசீவேட் என்ற அலகில் அளப்போம். ஒரு நெஞ்சுப் படத்தில் உடம்புக்குக் கிடைப்பது சுமார் 0.02 மில்லிசீவேட்தான். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக ஒரு வருடத்தில் நமக்குக் கிடைப்பது உலக சராசரியாக 2.4. ஆகவே ஒரு எக்ஸ்ரேக்குப் பயப்படத் தேவையில்லை. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சிடி ஸ்கேன் என்றால் 8, 10 வரை போகும், அதைக் காரணமில்லாமல் எடுக்கக்கூடாது. பழைய ஃபிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்துப்போகும், எடுத்தவர் பிடிபடுவார். டிஜிட்டலில் அப்படியில்லை. எவ்வளவு கூட்டிப் போட்டாலும் கம்பியூட்டர் படத்தை அழகாக்கிக் கொடுத்துவிடும். நோயாளிக்குத் தேவையில்லாமல் கூடிய கதிர் போனது, திரையில் ஓர் ஓரத்தில் கதிர் கூடினதா குறைந்ததா என்று காட்டுகிற இலக்கத்தைப் பார்க்கிறவருக்கு மட்டுந்தான் தெரியும். மெஷின் புதிதாகப் புதிதாகப் படிப்பு குறையலாம் என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. இப்போதுதான் கூடப் படிக்கவேணும்.

இன்னொன்று. வயிற்றுக்கோ இடுப்புக்கோ படம் எடுக்கு முன் இளம் பெண்களிடம் பிள்ளை தங்கியிருக்க வாய்ப்பு இருக்கா, கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது என்று கேட்கவேணும். தமிழ் தெரிந்தவர் அறையில் இல்லையென்றால் யார் மூலம் கேட்பது? கூட வந்த அண்ணன் மூலமாகவா? அண்ணனுக்கு முன்னால் அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லுமா? 1987இல் அரசியலமைப்புத் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆனது. எக்ஸ்ரே அறையின் கதவுக்கு உள்ளேயும் அது வரவேணும். சிங்களம் பேசும் பயிலுநர்களுக்கு நான் இந்த வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொடுக்கிறேன், ஆசையாகத்தான் படிக்கிறார்கள். அதைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்து, பரீட்சையிலும் கேட்கவேணும் என்பது என் கருத்து. அவர்கள் தமிழ் படிப்பது நல்லது. நம்ம பிள்ளைகளே இந்த அறைக்கு வருவது அதைவிட நல்லது.

வழி தூரத்தில் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் ரேடியோகிராபி 4 வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. முடித்து இலங்கை மருத்துவப் பேரவையில் பதிந்தால் ஆஸ்பத்திரியில் வேலை செய்யலாம். சிடி, எம்ஆர்ஐ என்று மேலே போகலாம், படிப்பிக்கவும் வரலாம். நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் அந்தக் கோட்டாவும் உண்டு. படிப்பு ஆங்கிலத்தில். முதல் வருடம் தமிழ் மொழிமூலத்தில் வந்த பிள்ளைகள் திணறுவார்கள். பிறகு பிடித்துக்கொள்வார்கள், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உண்மையான தடை அதற்கு முன்னாலேயே இருக்கிறது. எத்தனையோ தோட்டப் பாடசாலைகளில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை, விஞ்ஞானப் பிரிவே இல்லை. கதிர் என்றால் என்ன என்று விளங்கப் பௌதிகவியல்தான் அத்திவாரம். வாக்குக் கேட்டு லயத்துக்கு வருகிறவர்களிடம் கூரைத்தகரம் கேட்கிற நாம், பௌதிகவியல் ஆசிரியர் ஒருவரையும் சேர்த்துக் கேட்போம்.

இந்த வருடம் விண்ணப்பம் நிரப்புகிற தம்பி தங்கச்சிமாரே, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை மருத்துவத்தோடு மூடி வைத்துவிடாதீர்கள். ரேடியோகிராபிக்கு என்ன தகைமை கேட்கிறார்கள், போன வருடம் உங்கள் மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி எவ்வளவு என்று பாருங்கள். விளங்காவிட்டால் இன்பொக்ஸில் கேளுங்கள். வேலை முடிந்து வந்து பதில் எழுதுவேன். அம்மா அப்பா சந்தேகப்பட்டால் அவர்களையும் பேசச் சொல்லுங்கள்.